அழுகல் என்று சொல்லாத வீடு

மேடையில் பேசுகிறவர்கள் 'இந்தச் சமுதாயம் அழுகிவிட்டது' என்று முழங்கினால் எனக்கு எரிச்சல் வரும். கூட்டமே கை தட்டும். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுகல் என்றால் இன்னதென்று தெரிந்தவர்கள் அந்தச் சொல்லை வெற்றிலை மாதிரி வாயில் போட்டு மெல்ல மாட்டார்கள்.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். அருஞ்சொற்பொருள் எழுதிப்போடும்போது 'அழுகு: கெட்டுப்போ' என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாக எழுதிக்கொண்டன. எழுதும்போதே எனக்குத் தெரியும், அது அரைகுறையான பொருள் என்று.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் கெட்டுப்போவதற்கு ஒரே சொல் இருந்ததில்லை. சோறு ஊசிப்போகும். பலகை உளுத்துப்போகும். கயிறும் துணியும் கூரைத் தகரமும் இத்துப்போகும். ஓலை மக்கிப்போகும். பல் சொத்தை, முட்டை கூமுட்டை. கூடைக்கார அம்மாள் தன் மீனை மட்டும் என்ன ஆனாலும் 'நேத்து மீனு' என்றுதான் சொல்லுவாள். அதற்கு மேல் ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அழுகல் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. ஒரு காலத்தில் உயிரோடு இருந்து, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிற பொருளுக்குத்தான் அந்தச் சொல். பழம், கிழங்கு, மாமிசம், தோல். உளுத்த பலகையை அடுப்பில் வைக்கலாம். இத்த புடவையைக் கரித்துணி ஆக்கலாம். அழுகினது ஒன்றுக்கும் ஆகாது. அதோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பதையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் அதைக் கண்டவுடன் சொல்லிவிட வேண்டும், சொன்னவுடன் எடுத்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் சொல்லவில்லை. அதனால்தான் என் நைனா செத்தார். இதை இத்தனை வருஷமாக நான் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நைனா ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். கல்மண்டபத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால், மதில் தெரிவதற்கு முன்பே வாடை தெரியும். வெளியூர்களிலிருந்து ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உப்புப் போட்டு கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கும். அதைப் பிரித்து, தரம் பார்த்து, மறுபடியும் உப்பு தூவி அடுக்கினால் கப்பலுக்குப் போகும். தரம் பார்க்கிறவர்களில் நைனா மூத்தவர். ஒரு தோலைப் பலகை மேல் விரிப்பார். வயிற்றுப் பக்கத்தில் நாலு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒரு இழுப்பு. முடி வராவிட்டால் தோல் வலது பக்கம் போகும். சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டால் இடது பக்கம் தள்ளிவிட்டு, "அழுவல்!" என்று கத்துவார்.

கத்தியே ஆக வேண்டும். அது அங்கே வேலையின் ஒழுங்கு. அந்தக் குரலைக் கேட்டுத்தான் தூக்குகிற ஆட்கள் ஓடி வந்து அந்தத் தோலை மதிலுக்கு அப்பால் கொண்டுபோவார்கள். மெல்லச் சொன்னாலோ சொல்ல மறந்தாலோ, அந்த ஒரு தோல் நல்ல தோல்களோடு அடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். கப்பல் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடுக்கே போய்விடும். வீட்டில் நைனாவின் குரல் வெளித் தெருவுக்குக் கேட்காது. சாப்பாட்டுத் தூக்கோடு நான் கிடங்கு வாசலில் நின்ற நாட்களில், உள்ளேயிருந்து வருகிற அந்தக் குரல் அவருடையது என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

யுத்தம் முடிந்த வருஷம், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். மறுநாள் முன் பெஞ்சுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பாவாடையும் சட்டையும் நைனாவின் வேட்டியோடு ஒரே கொடியில் காய்ந்தவை. அவ்வளவுதான் விஷயம். அது புரிகிற வயசு இல்லை எனக்கு. கோபம் மட்டும் நிறைய இருந்தது. சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்து, "இன்னா கண்ணு, இஸ்கூல்ல இன்னா சொல்லிக்குடுத்தாங்க?" என்று பக்கத்தில் குனிந்தார்.

"கிட்ட வராத நைனா. ஒன் மேல அழுவின நாத்தம் அடிக்குது" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நிமிர்ந்து, இரண்டு எட்டு பின்னால் போய், கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நிஜமாகவே கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து கிடங்குக் குழாயிலேயே குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். மழைக்காலத்திலும் அப்படித்தான். தன் துணிக்கென்று பின்பக்கம் தனியாக ஒரு கொடி கட்டினார். சாப்பிடும்போது எனக்கு எட்டத்தில் உட்கார்ந்தார். அம்மா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "இன்னொரு வாட்டி அந்த வார்த்த இந்த வூட்ல வந்துச்சு, வாயில சூடு வெச்சுடுவேன். அந்த அழுவல்லதான்டி நீ துன்ற, நீ படிக்கிற" என்றாள். அவளே அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் கடைசி. பிறகு தக்காளி அழுகினாலும் 'கெட்டுப்போச்சு', வெங்காயம் அழுகினாலும் 'கெட்டுப்போச்சு'. காய்க்காரன் வாசலில் நின்று, "அழுவல எல்லாம் பொறுக்கிட்டேன், தாராளமா வாங்கு" என்றால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனை அனுப்பிவிடுவாள். அவனுக்குக் காரணம் விளங்கியதே இல்லை.

எங்கள் வீடு மட்டும் அல்ல. அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் தோல் கிடங்கில் பாடுபட்டவர்கள். வேலை விட்டு வருகிற ஆளைப் பார்த்து வாடை என்றோ நாற்றம் என்றோ யாரும் சொல்வதில்லை. மூக்கைச் சுளிப்பதும் இல்லை. புது மருமகள் வந்தால் முதல் நாளே மாமியார் சொல்லிவிடுவாள்: "ஆம்பளைங்க வந்தா மூஞ்சியப் பாரு, தண்ணிய குடு. மூக்க தொடாத." ஊரெல்லாம் எங்களைப் பார்த்து மூக்கைப் பிடித்தது. டிராமில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். அதனால் எங்கள் தெருவுக்குள் மட்டும் அந்தப் பேச்சு கிடையாது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். அது எங்கள் மரியாதை. இப்போதும் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் தலை நிமிர்ந்து சோறு தின்ன ஒரு இடம் வேண்டாமா?

அங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூக்கு எப்போதோ மரத்துப்போய்விட்டது. புது மருமகளுக்கு மூன்று மாசம் ஆகும்.

நான் படித்தேன். நைனாவின் பிடிவாதம் அது. ஆசிரியைப் பயிற்சிக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேயே விடுதி. முதல் தடவையாக உப்பும் தோலும் இல்லாத காற்றில் ஆறு மாசம் இருந்தேன். அரைப் பரீட்சை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயசு. தெரு முனையில் திரும்பியதும் குப்பென்று அடித்தது. என் மூக்கு உயிர் பெற்றுவிட்டது என்று எனக்கு உறைத்தது. முகத்தில் எதுவும் காட்டாமல் நடந்தேன். வளர்த்த வளர்ப்பு அப்படி.

நைனா இளைத்திருந்தார். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தார். "உப்பு அறுத்துடுச்சு" என்றார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கிடங்கில் எல்லாரும் உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்கள்; துணி சுற்றாத காலைத்தான் தேட வேண்டும். "வலிக்குதா நைனா?" என்று கேட்டேன். "வலியே இல்ல கண்ணு. எறும்பு கடிச்சாக்கூட தெரியல" என்று சந்தோஷமாகச் சொன்னார். வலி இல்லை என்பதை நாங்கள் எல்லாருமே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம்.

சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல நைனா எட்டத்தில் இலையைப் போட்டுக்கொண்டார். நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பில் சொன்ன சொல்லுக்கு நான் செய்கிற பரிகாரம் அது. ஏழெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்தது. டீச்சர் ஆகப்போகிறேன், இனி எவள் மூக்கைப் பொத்தினாலும் எனக்குக் கவலை இல்லை, இவர் என் நைனா என்று காட்டிவிட வேண்டும் என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

உட்கார்ந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

தோல் வாடை எனக்குத் தெரியாததா? அது காரமானது, உப்போடு சேர்ந்து கண்ணைக் கரிக்கும். இது அது இல்லை. லேசான தித்திப்பும் குமட்டலுமாக, நைனாவின் கால் பக்கத்திலிருந்து வந்தது. உயிருள்ள ஆளிடமிருந்து வரக்கூடாத வாடை. என் கை சோற்றில் அப்படியே நின்றது. தலையைத் தூக்கினேன். எதிரே அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு வைப்பேன் என்று சொன்ன நாளில் பார்த்த அதே பார்வை என்று நான் நினைத்துக்கொண்டேன். நைனாவோ பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்த பூரிப்பில் தன் இலையில் இருந்த மீன் துண்டை எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? 'நைனா, உன் கால் அழுகுது' என்று எந்த வாயால் சொல்வது? ஒரு தடவை சொன்னதற்கே ஒரு மனிதர் ஏழெட்டு வருஷம் பிள்ளையிடமிருந்து தள்ளித் தள்ளி உட்கார்ந்தார். இப்போதுதான் கிட்டே வந்திருக்கிறார். நான் மீனைப் பிய்த்துத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

பத்து நாள் இருந்தேன். பத்து நாளும் அவர் பக்கத்திலேயே சாப்பிட்டேன். நாளாக ஆக வாடை கூடியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கால் துணியை மாற்றிவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "சீ, நீ டீச்சரம்மா, அதெல்லாம் தொடக்கூடாது" என்று காலை இழுத்துக்கொண்டார். வற்புறுத்தியிருக்கலாம். அவர் மானம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் போனால் என் மூக்கு மறுபடியும் மரத்துவிடும் என்றுகூட ஒரு கேவலமான எண்ணம் இருந்தது. அந்த வாடை மட்டும் மரக்கவில்லை. வாசலில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நைனா, "எங்க டீச்சரம்மா என் பக்கத்துல குந்திகினுதான் துன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, உடனே வரச் சொல்லித் தந்தி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"காலைல கிடங்குல, கொழாயண்ட கால் கழுவிகினு இருந்தாராம். துணிய அவுத்துட்டு கெண்டக்கால் முடிய ரெண்டு வெரலால புடிச்சு இழுத்துப் பாத்தாராம். வந்துச்சாம், தோலோட. கொஞ்ச நேரம் அதையே பாத்துகினு குந்திகினு இருந்துட்டு, அப்புறமா கத்துனாராம், தெனம் கத்துவாரே, அந்த மாதிரியே. ஆளுங்க தோலுன்னு நெனச்சுகினு தூக்க ஓடியாந்தாங்களாம். பாத்தா இவரு கால நீட்டிகினு குந்திகினு கீறாராம்."

அந்த ஆட்கள்தான் கை ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோபக்காரர் இல்லை; களைத்துப்போனவர். நீரிழிவு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, அதனால்தான் காலில் உணர்ச்சி இல்லை, நாளைக் காலையில் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், அப்போதும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். "மூணு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்மா" என்றார். பிறகு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "வீட்ல யாருக்குமே நாத்தம் தெரியலையா?"

மூன்று வாரம். நான் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அம்மாதான் பதில் சொன்னாள். "தோல் கிடங்குல பாடுபடற வூடு சார். எங்க மூக்கெல்லாம் செத்துப்போன மூக்கு." அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பயிற்சிப் பள்ளியில் நல்ல மூக்கு வாங்கிக்கொண்டு வந்தவள் நான் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

உள்ளே போனோம். நைனா ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார். காலின் மேல் ஒரு கூடு மாதிரி வைத்துப் போர்த்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். படிப்பு எப்படிப் போகிறது, விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"கண்ணு, லீவுக்கு வந்தப்போ பத்து நாளும் என் பக்கத்துலயே குந்திகினு துன்னியே. ஒனக்கு நாத்தம் எதுனா தெரிஞ்சுதா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்லி அழுது காலில் விழுந்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். கால் போகிறதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. இந்த ஒரு கேள்விதான் அவரை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இல்ல நைனா. ஒண்ணுமே தெரியல."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னார். "கொயந்த மூச்ச அடக்கிகினு துன்னுச்சோ இன்னாவோன்னு நான் பேஜாராயி கெடந்தேன். அதுக்கு ஒண்ணும் தெரியலியாம்." என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். பார்வை நேரம் முடிந்து நர்ஸ் வந்து சொல்லும் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் அவருடைய காலை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து நான் விடுதிக்குத் திரும்பிய நாளில், டிராம் நிற்கும் இடம் வரைக்கும் அம்மா வந்தாள். வெயில் சுள்ளென்று இருந்தது. என் டிரங்குப் பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேல் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நெசமாவே ஒனக்குத் தெரியலியாடி?"

அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "தெரிஞ்சுதும்மா. வந்து குந்துன அன்னிக்கே தெரிஞ்சுது" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு மாசமா நான்தான் அந்தத் துணியத் தொவச்சுகினு இருந்தேன். சூடு வெப்பேன்னு சொன்ன வாய், நானே எப்படி சொல்றது? நீ படிச்ச பொண்ணு, வெளியூர்லேர்ந்து வர்றே, வந்தவொடனே போட்டு ஒடச்சிடுவேன்னு நெனச்சுகினு இருந்தேன். நீ எப்ப லீவுக்கு வருவேன்னு நாளெண்ணிகினு இருந்தேன்டி."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். டிராம் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக என் கையில் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.